ஃபாரிங்டன் வீதிப் பொதுவீடு

பகல் இரண்டு மணிக்கு வேலை முடிகிற மனிதனின் பசி வேறு விதமானது. விடியுமுன் குடித்த தேநீரும் பத்து மணி இடைவேளையில் நின்றபடி கடித்த பிஸ்கட்டும் எப்போதோ கரைந்துபோய், உடம்பு முழுவதும் சூடான ஒன்றைக் கேட்கும். 2001-ஆம் ஆண்டில் நான் மத்திய லண்டனின் மவுண்ட் பிளெசன்ட் அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலையில் இருந்தேன். அந்த நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், ஃபாரிங்டன் வீதி 159-ஆம் இலக்கத்தில், 'த ஈகிள்' என்ற பப் இருக்கிறது. அதன் கதவைத் தள்ளிக்கொண்டு நான் முதன்முதலாக உள்ளே போன நாளில் என் கண்ணில் முதலில் பட்டது போத்தல்கள் அல்ல. ஈரத்துணியோடு எட்டி நின்ற ஒரு பெண், கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதியிருந்த ஒரு வரியை அழித்துக்கொண்டிருந்தார். மீன் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. அழித்து முடித்ததும் அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, மறுபடியும் அடுப்பின் முன்னால் போய் நின்றார்.

பட்டியலை அழித்தவரே சமைப்பவர் என்பதும், அவருடைய அடுப்பு மது ஊற்றும் மேடையின் பின்னாலேயே எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது என்பதும் அன்று எனக்குப் புதுமையாகப் பட்டன. இலங்கையில் எங்கள் ஊரில் குசினி எனப்படும் சமையலறை வீட்டின் பின்புறத்தில், புகை படிந்த தனி அறையாக இருக்கும். லண்டனின் பல உணவகங்களில் அது நிலத்தடியில் இருக்கும். அங்கே வேலை செய்த நம்மவர்களிடம் கேட்டால், வெயிலைப் பாராமலே கோடைகாலம் கழிந்த கதைகளைச் சொல்வார்கள். இங்கே அது கண்ணுக்கு முன்னால், ஒரு சிறு இடத்தில், ஓர் இரும்புத் தட்டும் சில தீச்சுவாலைகளுமாக, பியர் ஊற்றும் கைப்பிடிகளுக்கு அருகிலேயே இருந்தது. உள்ளி வதங்குகிற வாசமும் அந்தக் காலத்தில் எல்லாப் பப்களிலும் மண்டிக்கிடந்த சிகரெட் புகையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. பப்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் சட்டம் இங்கிலாந்தில் 2007 ஜூலை 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

உலகத்தின் முதல் காஸ்ட்ரோபப், அதாவது நல்ல சாப்பாட்டுக்காகவும் ஆட்கள் தேடி வரும் பப், என்று எல்லோராலும் சொல்லப்படுகிற இடம் அது என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் விலைக்குப் பயந்து உள்ளே போயிருக்க மாட்டேன். அக்கம்பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் நுழைவதைப் பார்த்துத்தான் நானும் நுழைந்தேன். அஞ்சல்காரரும், கட்டட வேலை செய்பவர்களும், அதே வீதியின் 119-ஆம் இலக்கத்தில் இருந்த கார்டியன் நாளிதழ் அலுவலகத்தாரும் ஒரே மேசையில் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் மேசை ஒதுக்கி வைக்கப்படவில்லை. மேடைக்குப் போய், பலகையைப் பார்த்து, கேட்டு, அங்கேயே காசு கொடுத்துவிட்டு, எந்தக் கதிரை காலியாக இருக்கிறதோ அதில் உட்கார வேண்டும். கதிரைகளில் ஒன்று மற்றொன்றைப் போல இருக்கவில்லை.

இப்படி ஓர் இடம் ஏன் 1991-இல் தோன்றியது, அதற்குமுன் ஏன் தோன்றவில்லை என்பதைப் பின்னாளில் தேடித் தெரிந்துகொண்டேன். அதற்குச் சட்டமும் ஒரு காரணம் என்பதை அறிந்தபோது வியப்பாக இருந்தது. பப் என்ற சொல் 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்; பொதுவீடு என்றே தமிழில் சொல்லலாம். ஆனால் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பொதுவீடுகளில் பெரும்பாலானவை பொதுமக்களுக்கும் சொந்தமில்லை, அவற்றை நடத்தியவர்களுக்கும் சொந்தமில்லை. அவை மது வடிக்கும் நிறுவனங்களுக்குச் சொந்தமாக இருந்தன. கட்டடம் யாருடையதோ அவருடைய பியரைத்தான் அங்கே விற்கலாம். நடத்துபவர் வாடகையும் கட்டி, அவர்கள் சொல்லும் விலைக்கே பீப்பாய்களையும் வாங்குவார். பியர் விற்றால் போதும் என்று கட்டடத்துக்காரர் நினைக்கும் இடத்தில் குசினிக்கு யார் செலவழிப்பார்கள்? உறையில் அடைத்த உருளைக்கிழங்குப் பொரியல், வினாகிரியில் ஊறிய அவித்த முட்டை, பன்றித்தோல் வறுவல், கொஞ்சம் நல்ல இடமென்றால் பாணும் சீஸும் ஊறுகாயும் வைத்த ஒரு தட்டு, ஞாயிற்றுக்கிழமை சுட்ட இறைச்சி என்பதற்கு மேல் பல பப்கள் போனதில்லை. முதலாம் உலகப் போர்க்காலத்தில், ஆயுதத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போவார்கள் என்ற அச்சத்தில் கொண்டுவரப்பட்ட பிற்பகல் மூடல் வழக்கம், 1988 வரை வார நாட்களில் நீடித்தது. பகல் மூன்று மணியளவில் ஆட்களை வெளியே அனுப்பிவிட வேண்டிய வீட்டில் என்னைப் போன்ற இரண்டு மணிப் பசிக்காரனுக்கு என்ன இடம் இருந்திருக்கும்?

1989-இல் ஏகபோகங்களை ஆராயும் பிரித்தானிய ஆணைக்குழு ஒன்று பியர் வணிகத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஆறு பெரிய நிறுவனங்கள் நாட்டின் பியர் உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைக் கையில் வைத்திருந்தன. அதே ஆண்டு 'பியர் ஆணைகள்' எனப்படும் விதிகள் வந்தன. 2,000-க்கு மேற்பட்ட பப்களை வைத்திருக்கும் நிறுவனம், அந்த எண்ணிக்கைக்கு மேலுள்ளவற்றில் பாதியை 1992 நவம்பருக்குள் தன் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஆயிரக்கணக்கான கட்டடங்கள் கைமாறின. பிறகு நடந்தது எல்லாம் நல்லதே என்று சொல்ல முடியாது. மது நிறுவனங்கள் விட்ட இடத்தை, பியர் வடிக்காத, ஆனால் பப்களை மட்டும் கொத்துக்கொத்தாக வாங்கி வைத்திருக்கும் புதிய நிறுவனங்கள் பிடித்துக்கொண்டு, பழைய பிடியையே வேறு கையால் இறுக்கின. அந்த ஆணைகளும் 2003-இல் நீக்கப்பட்டன. ஆனாலும் இடையில் கிடைத்த அந்தச் சில ஆண்டுகளில், உணவகம் தொடங்கக் காசில்லாத சமையல்காரர்களுக்குக் கைக்கெட்டும் வாடகையில் பழைய பப்கள் கிடைத்தன.

அப்படி வந்தவர்கள்தாம் மைக் பெல்பன், டேவிட் அயர் என்ற இருவர். ஓர் உணவகத்துக்கு வேண்டிய முதல் அவர்களிடம் இருக்கவில்லை. 1991-இன் தொடக்கத்தில் இந்தப் பழைய பப்பை எடுத்து, இருந்த மரமேடையின் ஒரு பகுதியில் அடுப்பை வைத்து, பழைய மேசை கதிரைகளைப் போட்டுக் கதவைத் திறந்தார்கள். மேசைவிரிப்பு இல்லை, பரிமாறும் ஆட்கள் வரிசையாக நிற்கவில்லை, அச்சிட்ட பட்டியல் இல்லை. இவற்றையெல்லாம் இன்று ஓர் அழகுணர்ச்சியாகப் பார்க்கிறார்கள். காசு போதாத இடத்தில் எது மிக அவசியமோ அதை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பதே உண்மை. ஒரே அடுப்பில் ஒருவரோ இருவரோ நின்று சமைப்பதால் பட்டியல் நீள முடியாது. சேமித்து வைக்க இடமில்லாததால் அன்று வாங்கியது அன்றே தீர வேண்டும். தீர்ந்தால் அழிக்க வேண்டும். பட்டியல் நாளுக்கு நாள் மாறியதும், சில நாட்களில் மதியத்துக்கும் மாலைக்கும் இடையிலேயே மாறியதும் இப்படித்தான்.

பியருக்கும் இதில் ஒரு நன்மை இருந்தது என்பதை ஒரு நாள் மேடைக்குப் பின்னால் நின்றவர் எனக்கு விளக்கினார். பீப்பாயிலேயே உயிரோடு நொதிக்கும் பழைய முறைப் பியரை, திறந்த மூன்று நாட்களுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். காற்றுப் பட்டால் புளித்துவிடும். மதியம் சாப்பிட வருகிறவர்கள் ஆளுக்கு அரைக் குவளை குடித்தாலும் பீப்பாய் வேகமாக இறங்கும். ஆக, சாப்பாடு நன்றாக இருந்ததால் மாலையில் குடிக்க மட்டும் வருகிறவருக்கும் நல்ல பியர் கிடைத்தது. அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு நம் ஊர்க் கள் நினைவு வந்தது. காலையில் இறக்கியது மாலைக்குள் தீராவிட்டால் அதன் குணமே வேறு.

அந்தப் பலகையில் அழியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். 'பீஃபே ஆனா' என்று எழுதியிருக்கும். மாட்டிறைச்சி வைத்த பாண். கரையோரக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எனக்கு மாட்டிறைச்சி விலக்கு அல்ல. மீன் அழிந்துபோன அந்த முதல் நாளில் நான் கேட்டது அதைத்தான். பிறகு எத்தனையோ நாட்கள் அது செய்யப்படுவதை மேடையோரம் நின்றே பார்த்திருக்கிறேன். மெல்லியதாக வெட்டிய இறைச்சி, வெங்காய வளையங்கள், உள்ளி, நொறுக்கிய செத்தல் மிளகாய், ஓரிரு நறுமண இலைகள், மிளகு, சிவப்பு வைன், ஒலிவ் எண்ணெய் ஆகியவற்றில் முன்பே ஊறிக் கிடக்கும். புகை கிளம்பும் அளவுக்குச் சூடேறிய தாச்சியில் இறைச்சியைப் போட்டால், பக்கத்துக்கு ஒரு நிமிடமும் ஆகாது, எடுத்துவிடுவார்கள். அதன் பிறகுதான் நான் காத்திருக்கிற காரியம் நடக்கும். ஊறிய வெங்காயத்தையும் மிஞ்சிய சாற்றையும் அதே தாச்சியில் ஊற்றி, அடியில் பிடித்ததைச் சுரண்டி, சாறு சுண்டி மினுங்கும்வரை வைத்து, மொறுமொறுப்பான பாணைப் பிளந்து, வெட்டுப்பக்கத்தை அந்தச் சாற்றில் ஒரு கணம் ஒற்றி எடுப்பார்கள். மேலே ஒரு கீரையிலை, இறைச்சி, வெங்காயம், மூடி, தட்டில் வைத்து, காகிதத் துண்டோடு நீட்டுவார்கள். முதல் கடியில் சாறு மணிக்கட்டுக்கு ஓடும். அதைத் துடைக்க நான் ஒருபோதும் அவசரப்பட்டதில்லை.

டேவிட் அயர் மொசாம்பிக்கில் வளர்ந்தவர். அது 1975 வரை போர்த்துக்கலின் ஆட்சியில் இருந்த நாடு. 'பீஃபே' என்ற போர்த்துக்கேயச் சொல், ஆங்கிலத்தின் 'பீஃப்' என்பதிலிருந்து போனது. ஆங்கிலச் சொல் ஒன்று லிஸ்பனுக்குப் போய், ஆப்பிரிக்கக் கரையில் மிளகாயைச் சந்தித்து, ஒரு சமையல்காரரின் பிள்ளைப்பருவ நினைவாக மறுபடியும் லண்டனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதை அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட நெருக்கத்தை எப்படிச் சொல்வது? 1619-இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த அதே போர்த்துக்கேயர்தாம் எங்கள் வீட்டுப் பேச்சில் பாணையும், கதிரையையும், மேசையையும், குசினியையும் விட்டுச் சென்றவர்கள். அமெரிக்கக் கண்டத்து மிளகாயை இந்துமாக்கடலின் கரைகளுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. ஃபாரிங்டன் வீதியில் நான் கதிரையில் உட்கார்ந்து, மேசைமேல் பாணை வைத்து, குசினியைப் பார்த்தபடி செத்தல் மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்தபோது, என் வாயில் இருந்த சொற்களும் தட்டில் இருந்த உணவும் ஒரே கப்பல்வழியாக வந்தவை. அந்நியமான ஊரில் ஓர் இடம் ஏன் பிடித்துப்போகிறது என்பதற்கு இத்தனை பழைய காரணம் இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

கள்ளுக்கடையைக் குறிக்கும் தவறணை என்ற சொல்லும் அப்படி வந்ததென்றே சொல்வார்கள். அந்தச் சொல்லை என் வாயால் சொல்லாமலே நான் வளர்ந்தேன். எங்கள் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தின் தவறணை சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. கிடுகுவேலி, வாங்குகள், பிளாவில் கள், வாசலில் ஒரு கிழவி சுடச்சுடப் பொரித்துக் கொடுக்கும் கணவாயும் சூடைமீனும். அந்தக் கணவாயின் மணம் பள்ளிக்கூடம் விட்டு வரும் எங்களைப் படாதபாடு படுத்தும். ஆனால் அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது. குடிக்கிற இடத்தில் நல்ல சாப்பாடு இருக்கலாம், ஆனால் நல்ல பிள்ளைகளும் பெண்களும் அங்கே போகக் கூடாது என்பது எழுதப்படாத விதி. அந்தக் கிழவியின் கைமணத்தை ஊரில் பாதிப்பேர் அறியாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

இலங்கையில் போர்நிறுத்த உடன்படிக்கை இருந்த காலத்தில், 2004-இல், அப்பா லண்டனுக்கு வந்தார். ஒரு முற்பகலில் என் வேலை இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்துவிட்டு வரும்போது பசிக்கிறது என்றார். வேறு எங்கே போவது? கதவுவரை வந்தவர் நின்றுவிட்டார்.

"தம்பி, இது தவறணையெல்லோ?"

"ஓம் அப்பா. ஆனால் சாப்பிடத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். வாங்கோ."

அவர் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே வந்தார். அன்று பலகையில் கணவாய் இருந்தது. மேடையருகே ஒரு மேசையில் அவரை உட்காரவைத்துவிட்டு, அவருக்குக் கணவாயும் எலுமிச்சைத் தண்ணீரும் எனக்கு அரைக் குவளை பியரும் வாங்கி வந்தேன். பியரை அவர் முன்னால் வைக்க என் கை தயங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவருடைய கண் அடுப்பில் இருந்தது. சமையல்காரர் கணவாயை இரும்புத்தட்டில் போட்டு ஒரு கனமான சட்டியை அதன்மேல் அழுத்தியதையும், சுருளவிடாமல் பிடித்ததையும், எண்ணி எடுத்ததுபோல் நேரம் பார்த்துத் திருப்பியதையும் பார்த்துவிட்டு, "கை தெரிஞ்சவன்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் ஒரு புகழ்ச்சியை அப்பாவிடம் நான் கேட்டதில்லை.

சாப்பிட்டு முடித்த பிறகு அவர் வேறொன்றைக் கவனித்திருந்தார் என்று தெரிந்தது. சன்னலோரத்தில் ஒரு முதியவர் நாளிதழை மடித்து வைத்துக்கொண்டு அரைக் குவளையோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் வரும்போதும் இருந்தார். நாங்கள் எழும்பும்போதும் இருந்தார். குவளையில் பியர் ஒரு விரற்கடை குறைந்திருந்தது, அவ்வளவுதான். மேசைக்காகச் சாப்பாட்டுத் தட்டுகளோடு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெண் அவரிடம் கேட்டுவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் நாளிதழைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். "அந்த மனுசன் ஒண்டும் சாப்பிடேல்லை, ஒருத்தரும் எழும்பச் சொல்லேல்லை" என்றார் அப்பா, படியிறங்கும்போது. ஊரில் தேநீர்க்கடை வாங்கில் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்து பழகிய மனிதர் அவர். ஓர் இடம் நல்ல இடமா என்பதற்கு அவரிடம் இருந்த அளவுகோல் அதுதான். அன்றிலிருந்து என்னிடமும் அதுவே இருக்கிறது.

காஸ்ட்ரோபப் என்ற சொல் 1990-களின் நடுவில் லண்டன் பத்திரிகைகளின் உணவுப் பத்திகளில் புழங்கத் தொடங்கியது. வயிற்றைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லையும் பப்பையும் ஒட்டிய சொல். ஈகிளில் அடுப்பின் முன் நின்றவர்கள் பலர் வெளியே போய்த் தம் சொந்த இடங்களைத் தொடங்கினார்கள். அருகிலேயே எக்ஸ்மவுத் மார்க்கெட்டில் 1997-இல் தொடங்கிய மோரோ உணவகத்தின் சாம் கிளார்க் அங்கே வேலை செய்தவர். வாட்டர்லூ அருகே 2003-இல் தொடங்கிய 'ஆங்கர் அண்ட் ஹோப்' பப்பும் அந்த வேரிலிருந்து கிளைத்ததே. டேவிட் அயர்கூடத் தன் சகோதரரோடு ஷோர்டிச் பக்கம் தனி உணவகம் நடத்தப் போய்விட்டார். கிராமப்புறத்தில், ஹெரஃபர்ட்ஷயரின் டிட்லி என்ற ஊரில் உள்ள 'ஸ்டாக் இன்', சிறந்த உணவகங்களுக்கு மிஷெலின் கையேடு வழங்கும் நட்சத்திரத்தை 2001-இல் பெற்ற முதல் பப் ஆயிற்று. பத்தாண்டுகள் கழித்து மார்லோ ஊரின் 'ஹாண்ட் அண்ட் ஃப்ளவர்ஸ்' இரண்டு நட்சத்திரங்கள் பெற்ற முதல் பப் என்ற பெயரை அடைந்தது.

இவற்றில் உழைத்தவர்களின் கைத்திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாதக்கணக்கில் முன்பதிவு செய்து, நீண்ட தூரம் கார் ஓட்டிப் போய்ச் சாப்பிடும் இடத்தைப் பொதுவீடு என்று அழைக்க என் மனம் ஒப்புவதில்லை. அது நல்ல உணவகம். பெயரில் மட்டும் பப். 2011-இல் இங்கிலாந்தின் பழைய உணவுக் கையேடுகளில் ஒன்றான 'குட் ஃபூட் கைட்' இனி அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுத்தபோது எனக்கு அதில் வியப்பிருக்கவில்லை. அதற்குள் நாடெங்கும் பல இடங்களில் சுவருக்குச் சாம்பல்நிறம் பூசி, கரும்பலகையைத் தொங்கவிட்டு, அதில் அச்சுப்போல எழுதி மாதக்கணக்கில் அழிக்காமல் வைத்திருந்தார்கள். பலகையில் எழுதுவதே அழிப்பதற்காகத்தானே?

நான் இப்போது குடியிருக்கும் வட்டாரத்தில் ஒரு பழைய பப் அப்படி மாறியது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. முன்பு அங்கே வெள்ளிக்கிழமைகளில் டொமினோ ஆடும் கரிபியப் பெரியவர்கள் நால்வர் இருந்தார்கள். புதிய நடத்துநர்கள் வந்தபின் சாப்பாடு உண்மையிலேயே உயர்ந்தது. நானே இரண்டு முறை விரும்பிச் சாப்பிட்டேன். மூன்றாம் முறை வேலைக்களைப்பில் ஒரு அரைக் குவளையோடு மூலை மேசையில் உட்கார்ந்தேன். இளம் பணியாளர் ஒருவர் மிகுந்த பணிவோடு வந்து, மேசைகள் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான், குடிப்பதென்றால் வாசலோரம் நின்று குடிக்கலாம் என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொன்னார். எல்லா மேசையிலும் முட்கரண்டியும் கத்தியும் வைன் குவளையும் முன்பே வைக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கத்தி முட்கரண்டி முன்பே விரித்து வைத்த மேசை, சாப்பிட வராதவரைக் கதவிலேயே நிறுத்திவிடுகிறது. ஈகிளில் அவை ஒரு பாத்திரத்தில் குத்தி வைத்திருக்கும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். அந்த டொமினோப் பெரியவர்களை அதன்பிறகு நான் அங்கே கண்டதில்லை.

இதைச் சிறிய விஷயம் என்று சிலர் சொல்லக்கூடும். பப் கதவில் நிறுத்தப்படுவது என்பதற்கு இந்த நாட்டில் வேறொரு கசப்பான வரலாறும் உண்டு என்பதை அவர்கள் நினைத்துப்பார்க்க வேண்டும். 1960-களில் பர்மிங்காமை அடுத்த ஸ்மெதிக் நகரில், இரும்பு வார்ப்பாலைகளில் வேலை செய்த பஞ்சாபியர்களுக்கும் கரிபியர்களுக்கும் பல பப்களில் உட்காரும் அறைகள் மறுக்கப்பட்டன. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜோல் போன்றோர் அதை எதிர்த்துப் போராடினார்கள். 1965 பெப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் அங்கே வந்து, 'புளூ கேட்ஸ்' என்ற பப்புக்குள் போய் இந்த நிறவேற்றுமையை நேரில் கண்டார். அதே ஆண்டின் இறுதியில் வந்த இன உறவுச் சட்டம், பப் உள்ளிட்ட பொது இடங்களில் நிறத்தின் பேரில் மறுப்பதைச் சட்டவிரோதமாக்கியது. பின்னர் நடந்தது இன்னும் அழகானது. வார்ப்பாலைகள் மூடப்பட்ட காலத்தில், அதே வட்டாரத்தில் பல பப்களைப் பஞ்சாபியரும் குஜராத்தியரும் தாமே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். பின்னால் கரி அடுப்பு வைத்து, இரும்புத்தட்டில் சீறச்சீறக் கோழியும் ஆட்டிறைச்சியும் மீனும் கலந்து கொண்டுவந்து வைத்தார்கள். 'தேசி பப்' என்ற பெயர் அவற்றுக்கு நிலைத்தது. முன்பு அவர்களை உள்ளே விடாதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கால்பந்தாட்டம் பார்க்க அங்கே வந்து, நாண் ரொட்டியைப் பிய்த்து இறைச்சியை அள்ளுகிறார்கள். வெஸ்ட் பிராம்விச்சில் அப்படி ஒரு மேசையில் நானும் ஒரு மாலை உட்கார்ந்திருக்கிறேன். அந்த இடங்களை எந்த உணவுப் பத்தியாளரும் காஸ்ட்ரோபப் என்று தொடக்கத்தில் எழுதவில்லை. பொதுவீட்டின் குசினி செய்யக்கூடிய மிகப் பெரிய காரியத்தை அவர்கள்தாம் செய்தார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

1980-களில் 60,000-க்கு மேல் இருந்த பிரித்தானியப் பப்கள் இன்று 45,000 அளவுக்குக் குறைந்துவிட்டன. வீட்டில் குடிப்பது மலிவு. நிலத்தின் விலை ஏற்றம். குடிமனைகளாக மாற்றினால் கட்டடத்துக்காரருக்கு உடனடி லாபம். சாப்பாடு இல்லாமல் பல பப்கள் பிழைக்க முடியாது என்பதை நடத்துபவர்கள் சொல்லும்போது அதை மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஒரு மேசையின் வருமானம் ஒரு முதியவரின் அரைக் குவளையால் கெட்டுவிடும் என்ற கணக்கும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கணக்குக்கு வேறு விடைகளும் இருக்கின்றன. தென்கிழக்கு லண்டனின் நன்ஹெட் பகுதியில் 'ஐவி ஹவுஸ்' என்ற பப் விற்பனைக்கு வந்தபோது, அயலவர்கள் அதைச் சமூகச் சொத்து என்று பதிவு செய்வித்தார்கள். அந்த வகையில் நாட்டில் பதிவான முதல் பப் அது. 371 பேர் பங்கு வாங்கி, 2013-இல் தாமே அதை மீண்டும் திறந்தார்கள். அங்கே சாப்பாடும் உண்டு, பாட்டும் உண்டு, சும்மா உட்கார இடமும் உண்டு. நீளமான பொது மேசை, மேடையில் போய்க் கேட்டு வாங்குதல், குறுகிய பட்டியல், முன்பதிவுக்கு விடாத பாதி இடம் ஆகியவை பெரிய செலவுள்ள காரியங்கள் அல்ல. காசில்லாத இருவர் 1991-இல் கண்டுபிடித்தவையே அவை.

அஞ்சல் நிலைய வேலையை நான் விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. கார்டியன் 2008-இன் இறுதியில் கிங்ஸ் குரொஸ் பக்கம் போய்விட்டது. மவுண்ட் பிளெசன்ட்டின் ஒரு பகுதி நிலம் விற்கப்பட்டுக் குடிமனைகளாக எழும்பிவிட்டது. கடிதப் பைகளை ஏற்றிச் சென்ற நிலத்தடித் தொடருந்தில் இப்போது அருங்காட்சியகம் பார்க்க வருகிற பிள்ளைகள் ஏறிப் போகிறார்கள். அப்பா காலமாகிவிட்டார். போன இலையுதிர்காலத்தில் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, மணி இரண்டு ஆகியிருந்தது.

பசி இருக்கவில்லை. அரைக் குவளை பியர் மட்டும் வாங்கிக்கொண்டு சன்னலோரத்து மேசையில் உட்கார்ந்தேன். புகை மணம் இல்லை. உள்ளி மணம் அப்படியே இருந்தது. பலகையின் அடியில் பீஃபே ஆனா இருந்தது. அடுப்பில் நின்ற இளைஞர் எட்டி மேலே இருந்த ஒரு வரியை உள்ளங்கையால் துடைத்தார். அதே நேரத்தில் மழைச்சட்டை நனைந்த ஒருவர், சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றியபடி வந்து, அழிந்துகொண்டிருந்த வரியை அண்ணாந்து பார்த்தார். சமையல்காரர் திரும்பி, என்ன மிச்சமிருக்கிறது என்று அவருக்குச் சொன்னார். அவர் காசைக் கொடுத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். என் எதிர்க்கதிரை ஒன்றுதான் காலியாக இருந்தது. நான் என் குவளையை என் பக்கமாக இழுத்துக்கொண்டேன்.